ஏழு வருஷ மழை

கதையில் ஒரே ஒரு வரிதான் வருகிறது:
அவள் கவசத்தின்மேல் ஏழு வருஷ மழை பெய்திருந்தது.
எழுதினவர் எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டார்.
செய்கிறவள் அல்லவா யோசிக்க வேண்டும்,
மழை எங்கே தங்கும், எங்கே வழியும் என்று.

நெஞ்சுத் தகடு
ஜிம்மில் விரிக்கிற கறுப்புப் பாய், பன்னிரண்டு மில்லி.
சூடு காட்டினால் கொஞ்ச நேரம் முரண்டு பிடிக்கும்.
பிறகு முழங்காலில் வைத்து அமுக்கினால்
முழங்காலே மார்பாகிவிடும்.
ஆணித் தலைகளுக்குப் பட்டாணிப் பருப்பு,
நூற்றுப் பதினாறு, ஒவ்வொன்றாய் ஒட்டினேன்.
மறுநாள் எறும்பு வந்தது.
வார்னிஷ் அடித்தேன். எறும்பு போனது.

வெள்ளிப் பெயின்ட் காய்ந்ததும் பேச்சித்தாய் வந்தாள்,
போட்டுக்கொள்ளப் போகிறவள்,
ஈபி ஆபீஸில் மீட்டர் கணக்கு பார்க்கிறவள்.
தட்டிப் பார்த்தாள்.
"ஏட்டி, இது சண்டைக்குப் போற கவசமா
புளியோதரை கட்டுற டப்பாவா?"

சுருக்கென்றது.
பகலில் எனக்குப் பாளையங்கோட்டையில் பல் செய்கிற வேலை.
எங்கள் லேபில் வெள்ளைக்கே பதினாறு பெயர்.
வேர் ஓரத்தில் துளி தேயிலைக் கறை,
நுனியில் மயிரிழைக் கீறல்,
இரண்டும் வைத்தால்தான்
வாய் அதைத் தன் பல் என்று ஒப்புக்கொள்ளும்.
இது தெரிந்தும்
டப்பா செய்து வைத்திருக்கிறேன்.

அப்புறம் துரு பார்க்கக் கிளம்பினேன்.
பேட்டையில் லாரி அடிப்பாகம்,
ஜங்ஷனில் கைவிட்ட சரக்குப் பெட்டி,
கொக்கிரகுளத்தில் ஒரு கம்பிவேலி.
செல்போனை ஒட்டிவைத்துப் படம் எடுத்தபோது
சைக்கிளை நிறுத்தி ஒருத்தர் கேட்டார்,
"என்னம்மா, விழப்போவுதா?"
துரு மேலிருந்து வருவதில்லை.
ஆணிக்கு அடியில் தொடங்கி
மீசை மாதிரி இரண்டு பக்கமும் இறங்குகிறது.
குறித்துக்கொண்டேன். கலரில் வரவில்லை.
காவி வந்தது, செங்கல் வந்தது,
ஒருநாள் சாம்பார்கூட வந்தது.

சிந்துபூந்துறை வீட்டில்
சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன் ஒரு ராத்திரி.
எதிரே பீரோ.
அந்த மார்கழியில் ஆறு உள்ளே வந்து
இரண்டு நாள் தங்கிப்போன பீரோ.
மூன்றாம் தட்டு உயரத்தில் ஒரு கோடு.
அதற்குக் கீழே
நான் ஊரெல்லாம் தேடின அத்தனையும்.

கத்தியை எடுத்துப் பேப்பர் விரித்துச் சுரண்டினேன்.
அம்மா வந்து நின்றாள்.
பட்டும் பத்திரமும் ஊறிக் கிடந்த இடம் அது.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
"கீழ்த்தட்டுல இன்னும் நெறய இருக்கு" என்றாள்,
விளக்கை அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

பசையில் குழைத்துப் பஞ்சால் ஒற்றினேன்.
அக்குளில் வைக்கவில்லை, அங்கே மழை எட்டாது.
இடப்பக்கம் ஒருக்களித்துத் தூங்குகிறவள் அவள்,
ஒன்பதாம் அத்தியாயத்தில் வரும்.
ஆகவே இடப்பக்கம் தரையில் உரசின பளபளப்பு மட்டும்.
வலப்பக்கம்தான் ஏழு வருஷமும்.

வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில்
சென்னை வண்டிக்கு நின்றபோது
போலீஸ்காரர் பையைத் திறக்கச் சொன்னார்.
வாளை வளைத்துப் பார்த்துச் சிரித்தார்.
கவசத்தை இரண்டு கையாலும்
கனத்துக்குத் தயாராகி மூச்சுப் பிடித்துத் தூக்கினார்.
கை இரண்டும் தொப்பி உயரத்துக்குப் போய்விட்டன.
கீழே வைத்துவிட்டு விரலை மோந்தார்.
"துரு வாசம் அடிக்கே.
எத்தன வருஷத்துச் சாமான்?"

"ஏழு" என்றாள் பேச்சித்தாய்.
"ரெண்டு" என்றேன் நான், அதே நேரத்தில்.

எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு
காக்கியில் கையைத் துடைத்துக்கொண்டே போனார்.

வண்டி கங்கைகொண்டான் தாண்டின பிறகுதான் கவனித்தேன்,
கழுத்தோரத்தில் ஒரு ஆணியைக் காணோம்.
பரவாயில்லை,
பருப்பு கொண்டுவந்திருக்கிறேன்.